காலை பத்து மணிப் படம்

ஸ்டூடியோக்காரருக்குக் கோணல் என்றாலே ஆகாது. சுவரில் காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் முன்னால் அன்று காலை பத்து மணிக்கு அவருடைய சொந்த அண்ணன் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். லாரி டிரைவர். லைசென்ஸ் புதுப்பிக்கப் போட்டோ வேண்டும்.

அண்ணனுக்கு ஆறு வருஷமாக ரத்தக் கொதிப்பு. மாத்திரை அட்டை லாரியிலேயே கிடக்கும். தலை வலித்தால் ஒன்று விழுங்குவார்; வலிக்காத நாளில் மாத்திரைக்கும் லீவு. "உடம்பு நல்லா இருக்கறப்ப எதுக்குடா மருந்து?" என்று எல்லோர் வாயையும் அடைத்துவிடுவார். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தம்பியும் இருந்துவிட்டார். பாழாய்ப்போன கொதிப்பு சொல்லிக்கொண்டா வரும்?

கேமராவுக்குள் பார்த்தால் அண்ணனின் உதடு வலது ஓரத்தில் இறங்கியிருந்தது.

"அண்ணே, வாயை நேரா வைங்க."

"நேராத்தாண்டா வெச்சிருக்கேன்." வார்த்தை கொழகொழவென்று வந்தது.

"வாயில என்ன, மிட்டாயா? அண்ணி பக்கத்துல நின்னாத்தான் நேராகுமோ?"

அண்ணன் சிரித்தார். அதுவும் பாதி முகத்தில்தான் வந்தது. காலர் பொத்தானைப் போட வலது கை தடவிக்கொண்டே இருந்தது, தம்பிதான் போட்டுவிட்டார். மூன்று படம் எடுத்தும் அதே கோணல். "சரி, நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். உதட்டின் இடது பாதியை நகலெடுத்து, திருப்பி, வலது பக்கம் ஒட்டினார். ஐந்தே நிமிஷம். நல்ல வேலை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் தம்பி மூச்சு வாங்க வந்து நின்றபோது டாக்டரம்மா அண்ணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?"

"பன்னெண்டு மணிக்கு அவரே நடந்துதான் வந்தாரு டாக்டர். அலுப்பா இருக்கும்னு நினைச்சேன், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. ரெண்டு மணிக்கு எழுப்பினா பேச்சே இல்லை."

"அப்ப நேரம் இருக்கு" என்றார் டாக்டர். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

தம்பி குறுக்கே வந்தார். "நேரம் தாண்டிப் போட்டா என்ன ஆகும்?"

"மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்து."

அண்ணன் கட்டிலில் தம்பியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தம்பி வாயைத் திறந்தால் அண்ணனுக்கு வரவேண்டிய ஊசி போய்விடும். திறக்காவிட்டால் அண்ணனே போய்விடலாம். இப்படி ஒரு சங்கடம் எதிராளிக்குக்கூட வரக்கூடாது.

"பத்து மணிக்கே வாய் கோணியிருந்தது" என்றார். "என் ஸ்டூடியோவுல. பேச்சும் குழறுச்சு. வலது கையால பொத்தான்கூடப் போட முடியல."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸிடம் ஊசி வேண்டாம் என்றார். "இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் அந்த நிமிஷமே கொண்டு வந்திருக்கணும். மத்த மருந்து கொடுக்கறோம். பேச்சு திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். "படத்துல சரி பண்ணிட்டேன், அண்ணி. படத்துல மட்டும் சரி பண்ணிட்டேன்."

அண்ணி கத்தவில்லை. புருஷனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானாவது அவர் மூஞ்சியைப் பார்க்காம விட்டேன், தம்பி. நீங்க பார்த்தீங்களே."