அந்தப் பக்கமாக வருகிறவர்கள்

குளுவாங் நீதிமன்றத்தின் கார் நிறுத்துமிடத்தில், அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி குற்றம் சாட்டப்பட்டவரின் காரிலிருந்து இறங்கினார். கதவைத் திறந்துவிட்டு, தலை இடித்துவிடாமல் மேலே கை வைத்துக்கொண்டவரும் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

அரசுத் துணை வழக்கறிஞர் யுகேந்திரன் தே தாரிக் டீ பாக்கெட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். சாட்சிகளைப் பற்றிச் சட்டக் கல்லூரியில் எத்தனையோ படித்திருந்தான். சாட்சி யார் காரில் வர வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

சாட்சியின் பெயர் வெள்ளையம்மா. கணவர் செல்லப்பன் பக்கவாதத்தில் விழுந்ததும், காஹாங்கில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த பிரேமலாவை நம்பி, அவள் குளுவாங்கில் நடத்திய பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்திருந்தார். பிரேமலா முன்னாள் தாதி. கோயில் திருவிழாவில் யார் மயங்கி விழுந்தாலும் முதலில் ஓடுவது அவள்தான். அவளுடைய இல்லம் செல்லப்பனுக்குத் தினமும் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுப்பதாகச் சொல்லிக் காப்புறுதியிலிருந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தது. உண்மையில் அவரைப் புரட்டிப் போடக்கூட அங்கே ஆள் இல்லை. படுக்கைப் புண் எலும்புவரை போய், அதிலேயே மனிதர் போய்ச் சேர்ந்தார். அதற்காகத்தான் பிரேமலா மேல் இந்த வழக்கு.

புண்ணைப் பற்றி டாக்டர் சாட்சி சொல்லிவிட்டார். சிகிச்சை என்று யாரும் வந்ததே இல்லை, திருப்பிப் போடுங்கள் என்று கெஞ்சியும் யாரும் காது கொடுக்கவில்லை என்பதற்கு வெள்ளையம்மாவை விட்டால் ஆளில்லை. அங்கே வேலை பார்த்த வெளிநாட்டுப் பெண்கள் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள்.

பிரேமலா தன் வக்கீலைத் தேடி உள்ளே போனதும் யுகேந்திரன் ஓடி வந்தான்.

“என்னம்மா இது? அவங்க கார்லயா வர்றது?”

“நீங்கதானே தம்பி சொன்னீங்க?” வெள்ளையம்மாவுக்கு ஆச்சரியம். “எப்படி வர்றதுன்னு போன்ல கேட்டேன். அந்தப் பக்கமா வர்றவங்க யாராச்சும் இருந்தா ஏறி வந்துடுங்க லா அம்மான்னீங்க. இன்னிக்கு எங்க தாமான் குடியிருப்புல கோர்ட்டுக்கு வர்ற ஆளு இது ஒண்ணுதான்.”

சொல்லியிருந்தான். சாட்சிகளைக் கூட்டிவருவது வழக்கமாக விசாரணை அதிகாரியின் வேலை. அவரைச் சிகாமட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளையம்மாவின் போன் வந்த நேரத்தில் யுகேந்திரன் ஒரு பயிற்சிப் பட்டறையில் இருந்தான். சாட்சிகளை மனிதநேயத்தோடு அணுகுவது எப்படி என்பது தலைப்பு. பேச்சாளருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று சட்டென்று பேசி வைத்துவிட்டான். பட்டறை முடிவில் அவனுக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

“வழியில கேஸப் பத்தி ஏதாச்சும் பேசினாங்களா?”

“சே, ஒரு வார்த்த இல்ல. நான் இருமுனேன்னு ஏர்கோனக் கொறச்சது. இட்லி வாங்கிக் குடுத்துச்சு. அவருக்குத் திவசம் எப்ப அக்கான்னு கேட்டு அழுதுச்சு. அது அழுததும் நானும் அழுதுட்டேன்.”

இட்லிக்கும் கண்ணீருக்கும் எதிராக எந்தச் சட்டப்பிரிவில் மனுப் போடுவது? வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். “சரிம்மா, உள்ள போலாம்,” என்றான்.

சாட்சிக் கூண்டில் வெள்ளையம்மா ஏறினார். யுகேந்திரன் மலாயில் கேட்டான். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். உங்கள் கணவரை இல்லத்தில் எப்படிக் கவனித்தார்கள்?

வெள்ளையம்மா எதிரே உட்கார்ந்திருந்த பிரேமலாவைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

“நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க.”

நீதிமன்றத்துக்கு அது இன்னும் மலாயில் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில், மொழிபெயர்ப்பாளர் தவறாக மொழிபெயர்க்க வேண்டும் என்று யுகேந்திரன் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டான். அவர் மிகச் சரியாக மொழிபெயர்த்தார்.

“உடற்பயிற்சி சொல்லித்தர யாராவது வந்தார்களா?”

“வந்திருப்பாங்க. நான் இல்லாத நேரமா இருக்கும்.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சாட்சி போலீஸில் சொன்னது வேறு, இங்கே சொல்வது வேறாக இருக்கிறதே, முந்தைய வாக்குமூலத்தைக் காட்டி விசாரிக்க அரசுத் தரப்பு விண்ணப்பிக்கிறதா என்று கேட்டார்.

விண்ணப்பிக்கலாம். ஏன் மாற்றிச் சொல்கிறீர்கள் என்று வெள்ளையம்மாவைக் கேட்பார்கள். அவருக்குப் பொய் சொல்ல வராது. இவ்வளவு நேரம் சொன்னதையே தன் கைகளைப் பார்த்துத்தான் சொன்னார். காரைச் சொல்வார், இட்லியைச் சொல்வார். யார் ஏறச் சொன்னது என்று கேட்டால், அதோ அந்தத் தம்பி என்று விரலை நீட்டுவார். வழக்கு ஒருவேளை பிழைக்கும். யுகேந்திரனின் பெயர் ஜொகூர் முழுக்க வழக்கறிஞர்களின் மதியச் சாப்பாட்டோடு பரிமாறப்படும்.

“அவசியமில்லை, யாங் ஆரிஃப்,” என்று நீதிபதிக்கு உரிய மரியாதையோடு சொன்னான். குரல் கணீரென்று வந்தது. அதுதான் அவனுக்கே பிடிக்கவில்லை.

வெள்ளையம்மாவை வெளியே அனுப்பினார்கள். அவர்தான் கடைசிச் சாட்சி. சிறிய இடைவேளைக்குப் பிறகு, அரசுத் தரப்பு வழக்கை நிறுவவில்லை, எதிர்வாதத்துக்கே அழைக்கத் தேவையில்லை என்று சொல்லி நீதிபதி பிரேமலாவை விடுதலை செய்தார். பிரேமலா மேலே பார்த்துக் கும்பிட்டாள். பிறகு யுகேந்திரனையும் கும்பிட்டாள். அவன் கோப்புகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தான்.

வெளியே வந்தபோது வெள்ளையம்மா நடைவழியில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்தார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி.”

“கோவமெல்லாம் இல்லம்மா.”

“அது மொகத்தப் பாத்துட்டு வாய் வரல. இப்பத்தானே அது கையால சாப்பிட்டேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவருக்கு முதுகுல ஓட்டை தம்பி. துணியத் தூக்கிப் பாத்தா உள்ள வெள்ளையா எலும்பு. தண்ணி தண்ணின்னுவாரு. யாரும் வரமாட்டாங்க. ஒரு தடவ நானே பெரட்டப் பாத்தேன், முடியல. மேல விழுந்துட்டேன். அவரு கத்துன கத்து இன்னும் காதுலயே இருக்கு. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி, மறக்கல.”

அத்தனையும் தமிழில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், பெஞ்சைத் தவிர வேறு யாரும் கேட்காத இடத்தில். யுகேந்திரன் கோப்புகளை இறுக்கிப் பிடித்தான்.

“அடுத்த தடவ கூப்பிடுறப்போ முதல் நாளே வந்து இங்க எங்கயாச்சும் படுத்துக்குறேன்,” என்றார் வெள்ளையம்மா. “யார் கார்லயும் ஏறமாட்டேன். பச்சத் தண்ணி குடிக்காம வந்து எல்லாத்தையும் சொல்லிடுறேன். எப்பன்னு மட்டும் போன் போடுங்க.”

தீர்ப்பு வந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்வதற்காகத்தான் யுகேந்திரன் வாயைத் திறந்தான்.

“சரிம்மா,” என்றான். “போடுறேன்.”