பதுவையில் இரண்டு கால்

வெள்ளவத்தையில் யதுஷா வீட்டுச் சாப்பாட்டு மேசை சோற்றைக் கண்டு ஒரு மாதமிருக்கும். மேசை முழுக்க இத்தாலி விரிந்து கிடந்தது. அலுவலகத்தில் துண்டு துண்டாக அச்செடுத்து ஒட்டிய வரைபடம் அது. அதன் மேல் ரயில் நேரங்கள், விடுதிப் படங்கள், மூன்று நிறப் பேனைகள். யதுஷாவின் அம்மா சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார்.

"உந்த இத்தாலி எப்ப எழும்பும்?"

"ஒக்டோபரில, அம்மா. அதோட நானும் எழும்பிப் போயிடுவன்."

"போறது பரவாயில்லை. திரும்பி வந்தாச் சரி."

திரும்பி வருவாளா என்பதுதான் தொடர்மாடி முழுவதற்கும் கவலை. கொழும்பில் இத்தாலிக்குப் போகிறேன் என்றால் வேலைக்குப் போகிறேன் என்றுதான் பொருள். கீழ்வீட்டு பாயிஸ் நானா லிஃப்டில் அவளை மறித்துக் கேட்டார்.

"மகள், இத்தாலிக்கிப் போறீங்களாமே? ஏஜென்சிக்காரன் நம்பிக்கையான ஆளா?"

"வேலைக்கில்லை நானா. சும்மா சுத்திப் பாக்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி சரி. நான் ஒத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டன்."

சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போகிறாள். ஆனால் அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் பதினைந்து வருடங்களுக்கு மேல் இருந்தது.

யதுஷா பன்னிரண்டு வயதுவரை கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். தொடர்மாடியின் மூன்றாம் தட்டு. எதிர்வீட்டில் ரொஷேல். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கு, நூலகத்தில் ஒரே அட்டைக்கு அடிபாடு. மற்றப் பிள்ளைகள் இளவரசிக் கதை வாசித்த வயதில், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் இவர்கள் மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்தார்கள். அந்த நாவல்களில் யாரோ ஒருத்தி எப்போதும் ரயிலில் போய்க்கொண்டிருப்பாள். விடியும்போது ஏதோ ஓர் இத்தாலிய நகரம் வரும். மூடுபனி, மணிக்கூண்டு, கோப்பி வாசம். மூன்றாம் தட்டு விறாந்தையில் கருவாடு பொரிக்கும் வாசத்துக்கு நடுவிலிருந்து இருவரும் அந்த மூடுபனியை மூச்சிழுத்தார்கள்.

பிறகு சோக்கட்டியால் விறாந்தையில் கட்டம் கீறி, கட்டத்துக்கொரு நகரமாகப் பெயரிட்டு, சில்லெறிந்து கெந்தி விளையாடத் தொடங்கினார்கள். மிலான், வெனிஸ், வெரோனா, ரோமாபுரி, நேப்பிள்ஸ். புளோரன்ஸுக்கு ஒரு கட்டம், பிரென்சேக்கு ஒரு கட்டம். ஒரு நாவலில் புளோரன்ஸ் என்றும் இன்னொன்றில் பிரென்சே என்றும் இருந்தது. எந்த ஊர் அழகு என்று ஒரு வாரம் கோபம் போட்டுக் கதைக்காமலும் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஊர் என்று தெரியவந்தபோது இருவருக்கும் மீசை வைத்த மொழிபெயர்ப்பாளர்கள்மேல் தீராத கோபம். மீசை இவர்களே கற்பனையில் வைத்தது.

எல்லாக் கட்டங்களுக்கும் முதற்கட்டம் ஒன்று உண்டு. அதை வைத்தவர் ரொஷேலின் அம்மா மரியகொறற்றி. ஈரத் துணி வாளியோடு கட்டங்களைத் தாண்டிப் போகையில் அவர் சொன்னார்: "எங்க போறதெண்டாலும் முதல் அந்தோனியாரைக் கும்பிட்டிட்டுப் போங்கோடி." அதனால் முதற்கட்டத்தின் பெயர் பதுவை. கொறற்றி அன்ரி அந்தோனியார் பெயரைத் தனியே சொல்வதில்லை. எப்போதும் பதுவை அந்தோனியார்தான். செவ்வாய்க்கிழமைகளில் அவர் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகும்போது யதுஷாவும் தொற்றிக்கொள்வாள். அங்கே செபத்திலும் அந்தப் பெயர் வரும். பதுவை எங்கே இருக்கிறது என்று யதுஷா ஒருநாளும் கேட்டதில்லை. கைலாயம் எங்கே இருக்கிறது என்று ரொஷேல் கேட்டாளா?

இப்போது ரொஷேலுக்குக் கலியாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளை மெல்போர்னில். ஜனவரியில் போனால் போனதுதான். அதற்கு முன் ஒரேயொரு முறை, கட்டத்தில் கெந்திய ஊர்களில் நடந்துவிட வேண்டும். யதுஷாவுக்கு அது பயணம் மட்டுமல்ல. ரொஷேல் போன பிறகு நினைத்துக்கொண்டிருக்க அவளுக்கு அது வேண்டும்.

விசாவுக்குக் காட்ட விடுதிகளை முற்கூட்டியே பதிய வேண்டியிருந்தது. ரொஷேல் பதிந்து அனுப்பிய திட்டத்தில் மிலானுக்கு அடுத்ததாக Padova என்றிருந்தது. மூன்று இரவு! வெனிஸுக்கு ஓர் இரவுகூட இல்லை. எந்த நாவலிலும் யதுஷா சந்தித்திராத ஊர். அறை வாடகை குறைவென்று எடுத்திருப்பாள் என நினைத்தாள். தேடிக்கூடப் பார்க்காமல் அதை இரத்துச் செய்து, வெனிஸில் ஓர் அறை பதிந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரொஷேல் வந்ததும் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

"கண்ணை மூடு. இப்ப திற. கால்வாய்க் கரை அறையடி! யன்னலைத் திறந்தாத் தண்ணி."

ரொஷேல் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "படோவா எங்க?"

"வெட்டிட்டன். அங்க என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? நீயா கேக்கிறாய்?"

"ஏன், நான் கேக்கக் கூடாதோ?"

"தண்ணி பாக்கிறதெண்டா உனக்கு வெள்ளவத்தைக் கால்வாய் காணாதா?" ரொஷேல் மடிக்கணினியை மூடினாள். "அம்மா என்னட்டக் கேட்ட ஒரே ஒண்டு அது. நீயே வந்து அவவிட்டச் சொல்லு. சொல்லிப்போட்டு வெனிஸுக்கு நீயே போ. நான் அந்த லீவில அம்மாவோட இருக்கிறன்."

கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள். அன்று மாலை அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

கொறற்றி அன்ரி என்ன கேட்டிருப்பார்? யோசித்து யோசித்து யதுஷா ஒரு முடிவுக்கு வந்தாள். பார்சல். கொட்டாஞ்சேனையில் யாருக்குத்தான் இத்தாலியில் சொந்தம் இல்லை? படோவாவில் யாரோ ஒரு பெறாமகனுக்கு மிளகாய்த்தூளும் மாசிக் கருவாடும் கொடுத்தனுப்ப நினைத்திருப்பார். அதற்கு வழி செய்யலாம். மிலான் ஸ்டேஷனுக்கு அவனை வரச் சொன்னால் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் புறக்கோட்டையில் பஸ் மாறினாள். பஸ் நிறைய மெழுகுதிரிப் பைகள். மூன்றாம் தட்டுக்கு ஏறும்போது படிகள் குறுகிப்போனது போலிருந்தது. விறாந்தையில் ஒரு வாளி, ஒரு செருப்பு, யார் வீட்டிலோ கருவாடு. கொறற்றி அன்ரி வாசலில் கதிரை போட்டு, முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை. வெள்ளவத்தைக்காரிக்கு இப்பதான் வழி தெரிஞ்சதோ?"

"அன்ரி, அந்தப் பார்சல் விசயமா..."

"எந்தப் பார்சல்?"

"படோவாவில உங்கட சொந்தக்காரருக்குக் குடுக்கிறதுக்கு."

அன்ரி கையை எடுக்காமலே அவளைப் பார்த்தார். பிறகு கதிரை கிறீச்சிட்டு ஆடச் சிரித்தார். "சொந்தக்காரர்தான். நல்ல நெருங்கின சொந்தம். கால் ஏலுமெண்டா செவ்வாய்க்குச் செவ்வாய் போய்ப் பாத்திட்டு வாறனான்." எண்ணெய் விரலால் உள்ளே சுவரைக் காட்டினார். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் சுவரில் நின்றார். சின்ன வயதில் கண்ட அதே சட்டகம், அதே மங்கிய மின்குமிழ்.

"பதுவை அந்தோனியார்," என்றார் அன்ரி.

பதுவை. படோவா. யதுஷா இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு பிரென்சே!

"அவள் அவுஸ்திரேலியா போக முதல் அங்க ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டுப் போகச் சொன்னனான். எனக்கு இந்தக் காலோட ஏலாதுதானே. யதுஷாவுக்குச் சொன்னியோடி எண்டு கேட்டன். 'சொல்லவே தேவையில்லம்மா, அவளுக்குத் தெரியாத பதுவையா' எண்டாள்."

வரும் வழியில் கோர்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை.

"நான் அதை வெட்டிட்டன் அன்ரி. பதுவை எண்டு எனக்குத் தெரியேல்லை. அது மேல எங்கேயோ இருக்கிற ஊர் எண்டுதான் நினைச்சிருந்தனான்."

அன்ரி எண்ணெய்ப் போத்தலை மெதுவாக மூடினார்.

"வெட்டினதெண்டா திரும்பக் கீறு. மழைச் சாரலுக்கு அழிஞ்சால் நீங்கள் திரும்பக் கீறுறேல்லையோ? நேப்பிள்ஸில விழுந்து முழங்கால் தேய்ஞ்சு நீ அழுத அழுகை இந்த மாடி முழுக்கக் கேட்டது. அதுக்குப் பிறகு ஒரு சட்டம் வைச்சாய், நினைவிருக்கோ?"

நினைவில்லை.

"மற்ற ஊரெல்லாம் ஒற்றைக் கால். பதுவையில மட்டும் ரெண்டு காலையும் வைச்சு மூச்சு வாங்கலாம் எண்டு. ரெண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள்ள நெருக்கிக்கொண்டு நிப்பியள்."

யதுஷா வாசற்படியில் அமர்ந்து தொலைபேசியை எடுத்தாள். பழைய அறை போய்விட்டது. அதே ஊரில் இன்னொன்று கிடைத்தது. பிறகுதான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்தாள். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் அரைமணி நேரம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போவதைவிடக் குறைவு. காலையில் போய்ப் பின்னேரம் பதுவைக்கே திரும்பிவிடலாம். ரொஷேல் எல்லாவற்றையும் பார்த்துத்தான் போட்டிருந்தாள். கால்வாய்க் கரை அறையை யதுஷா விட்டுவிட்டாள்.

"அன்ரி, சோக்கட்டி இருக்கா?"

"எறும்பு மருந்துச் சோக்குத்தான் இருக்கு. காணுமோ?"

ரொஷேல் வேலை முடிந்து படியேறி வந்தபோது, படி முடிகிற இடத்தில் ஒற்றைக் கட்டம் ஒன்று வெள்ளையாகக் கிடந்தது. உள்ளே கோணல் எழுத்தில் 'பதுவை'. அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு யதுஷா இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

ரொஷேல் கைப்பையை இறக்காமல் நின்றாள்.

"இப்பதான் தெரிஞ்சதோ, பெரிய வாசகிக்கு?"

"இப்பதான்."

"வெனிஸ்?"

"காலமை போய்ப் பின்னேரம் வருவம். படுக்கிறது பதுவையிலதான்."

"எறும்புச் சோக்கால கீறி என்னைக் கூப்பிடுறியே. நான் எறும்பா?"

"வேற சோக் இல்லையடி."

ரொஷேல் கைப்பையை இறக்கி வைத்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றினாள். ஒரு கால் வைத்தாள், மற்றதையும் வைத்தாள். சின்ன வயதில் இருவருக்கும் போதுமாயிருந்த கட்டம் இப்போது போதவில்லை. விழாமல் இருக்க ஒருத்தியை ஒருத்தி இடுப்பில் பிடிக்க வேண்டியிருந்தது.

"தள்ளி நில்லடி. என்ர கால் வெளியில போகுது."

"பெரிசாக் கீறியிருக்கலாம்தானே, கஞ்சப் பிசினி."

உள்ளேயிருந்து கொறற்றி அன்ரியின் குரல் வந்தது.

"மற்ற ஊர்களையும் கீறுங்கோ பிள்ளையள். கொஞ்ச நாளைக்கு எறும்பாவது வராது."