ஆகாச நீலத்தில் மூன்று கோட்டிங்

எண்பத்தைந்தாம் வருசம் கல்யாணமான கையோடு, சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருந்த ராசப்பன் தன் வீட்டுச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு ஆகாச நீலத்தில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தான். புதுப் பெண்டாட்டி சென்னியம்மாளுக்காகத்தான். ஊரில் அதுதான் முதல் பெயின்ட் வீடு. ரோட்டில் போன லாரிகளெல்லாம் சுவரின் பளபளப்பைப் பார்த்து, எதிரே வண்டி வருகிறதென்று பட்டப்பகலில் லைட்டை டிம் அடித்தன.

"டின்னுலயே மருந்து கலந்திருக்குதுங்க ஓனரே. எத்தன நாளானாலும் கெட்டுப்போவாது" என்றான் பெயின்டர் கந்தப்பன், சுண்ணாம்பு கலக்கிய பழக்கத்தில் கையை முழங்கை வரை டின்னுக்குள் விட்டுக் கலக்கியபடி.

மூன்றாம் நாள் சென்னியம்மாளின் கண்ணிமைகள் பணியாரமாய் உப்பின. கழுத்தும் கையும் சிவந்து தடித்தன. எட்டு ஊர்க் கொசுவுக்கும் அவள் ஒருத்தியே பந்தி வைத்தது போல அரிப்பு.

"மாரியாத்தா வந்திருக்கறா சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ராசப்பனின் அம்மா ஆத்தாயி. சன்னலையெல்லாம் சாத்தி, வாசலில் வேப்பிலை செருகி, மருமகளை அந்த நீல அறையிலேயே படுக்க வைத்தார்கள். தடிப்பு கூடியது.

"ஏனுங்க, அந்தச் சுவத்துக்கிட்டப் போனாலே எரியுதுங்க. லாரி செட்டுலயாவது படுத்துக்கறேன்."

"சுவரு கடிக்குமாக்கும்? செட்டுல படுத்தா ஊரே சிரிக்கும்" என்றான் ராசப்பன்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றி, பரமத்தியில் அவள் அப்பா நாச்சிமுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்புச் சுவர் வீடு. ஒரே வாரத்தில் உரித்த வெங்காயமாகிவிட்டாள்.

ஆத்தா வந்துபோன வீட்டுக்கு வெள்ளையடிப்பதுதான் வழக்கம். "வெள்ள எதுக்கும்மா, பெயின்டே இன்னொரு கோட்டிங் போட்டுர்லாம்" என்று அடித்தும்விட்டான் ராசப்பன். திரும்பி வந்த மறுநாளே அவளுக்கு மூஞ்சி வீங்கியது.

இப்போது ஆத்தாயி கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. "ஒரே வருசத்துல ரெண்டு தடவ எந்த ஆத்தா வருவா? இவளுக்கு இந்த ஊடு ஆகாது."

அழைத்துப்போக வந்த நாச்சிமுத்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தை மாசம் ஒருக்கா கொண்டாந்து உட்டுப் பாக்கறனுங்க மாப்ள. அப்பவும் வீங்குச்சுன்னா அதோட சரி. புள்ளைய அனுப்ப மாட்டேன்."

ராசப்பன் அரண்டுபோனான். அந்தத் தை மாதத்துக்காக அவன் செய்த வேலையை ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்குக்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். பழைய நீலத்தின்மேல் இன்னும் மூன்று கோட்டிங். விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான் கந்தப்பன். துணிக்கு வெளியே தோல் உரிந்து தொங்கியது.

"என்னப்பா, ஆத்தா உம்மேலயும் ஏறிக்கிட்டாளா?"

"முப்பது வருசச் சுண்ணாம்பு இப்பத்தான் வேலையக் காட்டுதுங்க."

ராசப்பன் பாவப்பட்டு அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். சுவரில் தூசி ஒட்டக்கூடாதென்று சன்னல்களை இறுகச் சாத்தினான்.

மறுநாள் கார் வந்தது. நாச்சிமுத்து இஞ்சினை நிறுத்தச் சொல்லவில்லை. சென்னியம்மாள் நிலைப்படியில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"எத்தன கோட்டிங்குங்க?"

"மூணு. எல்லாம் உனக்காகத்தான்" என்றான் பெருமையாக.

அவள் அவனை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். திரும்ப எடுத்துப்போகத் தோதாகப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.