நோலீன் எந்த ஓரத்தைச் சீவினாள்

1

நல்ல எழுத்தாளர்களுக்குக் கதை மழையில் வரும், ரயிலில் வரும், விட்டுப்போன காதலியின் வாசனையில் வரும். எனக்கு வாஷ்பேசினில் வந்தது. என் மருந்துக்கடைப் பின்னறையில் தண்ணீர் இறங்கவில்லை. குழாய்க்காரர் கம்பியை விட்டுச் சுழற்றியதும் சுருள் சுருளாக மரச்சீவல் மேலே வந்தது.

"மாத்திரையெல்லாம் இப்ப மரத்துலயா செய்றீங்க?" என்றார்.

நான் நோலீனைப் பார்த்தேன். கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்பவள், இந்த மண்ணின் பூர்வகுடி, ஐம்பதைத் தாண்டியவள். என்னை 'பாஸ்' என்று கூப்பிடுவாள். உண்மையில் யார் பாஸ் என்பது ஊருக்கே தெரியும். தேநீர் இடைவேளையில் பேசின் மேல் குனிந்து பேனாக்கத்தியால் எதையோ சீவிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கும் தெரியும். கேட்டால் பதில் வருமே என்று கேட்காமல் இருந்தேன்.

"என்ன நோலீன் இது?"

"மரம், பாஸ்."

அன்று மதியமே கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் தொடக்கம்:

டார்லிங் ஆற்றின் மேல் அந்திச் சூரியன் ஒரு காயத்தைப் போல

(நிறுத்து. சூரியன் எத்தனை கதையில்தான் காயப்படும். தவிர, ஆற்றின் பெயர் நிஜமாகவே டார்லிங். நான் வைக்கவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

பல்லாயிரம் ஆண்டு மரபின் கடைசிக் கண்ணியாக அவள் அங்கே தனியாக

இதை நோலீனிடம் படித்தே காட்டினேன். "கடைசியா? தனியாவா? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வந்ததில்லையா? உக்கார எடம் கிடைக்காது" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்தான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. இனி நான் குறுக்கே வராமல் நோலீன் பக்கம் நின்று சொல்கிறேன். (வருவேன்.)

2

நெடுஞ்சாலையில் போகிறவர்கள் தலைவலி மாத்திரைக்காக எங்கள் கடையில் நிறுத்துவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நோலீனின் தம்பி டெஸ்மண்ட் செய்த பூமராங்குகள் தொங்கும். எடுத்துப் பார்க்கிற எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "திரும்பி வருமா?"

"வாங்குன மாத்திரை வேலை செய்யுமான்னு ஒருத்தனும் கேக்குறதில்ல பாஸ். மரத்தப் பாத்தா மட்டும் சந்தேகம் வந்துருது" என்பாள் நோலீன், அவர்கள் போன பிறகு. சில நாள் அவர்கள் போவதற்கு முன்பே.

[இந்த இடத்தில் கை தூக்கும் வாசகரே, தெரியும்: நம்மிடம் வளரி இருந்தது. டெஸ்மண்டிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். "அப்படியா, உன்னோடது எங்க?" என்று கேட்டான். என்னோடது யூடியூபில் இருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கையைக் கீழே போடுங்கள்.]

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பூமராங் எதற்கும் குறியீடு அல்ல. கர்மா, பிரிந்த உறவு, தாயகம் திரும்புதல் எதுவும் இல்லை. வாட்டில் மரத்தின் வேர் வளைவில் வெட்டிய ஒரு துண்டு, அவ்வளவுதான்.

3

இங்கே ஜூலைதான் குளிர்காலம், அப்போது நோலீன் குடும்பம் ஆற்றங்கரைக் கால்பந்து மைதானத்தில் கூடும். குடும்பம் என்றால் பாதி ஊர். சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பத்தின் மூத்தவர் ஒரு பூமராங்கை வீசுவார். அதற்கு முதல் வீச்சு என்று பெயர். இத்தனை நாளும் நோலீனின் அப்பாதான் வீசினார்.

(அவர் பெயரை எழுத மாட்டேன். போனவர் பெயரை இந்த வீட்டில் சொல்வதில்லை. இதை வைத்து யாராவது 'பெயரின்மையின் அரசியல்' என்று கட்டுரை எழுதினால் நான் பொறுப்பல்ல.)

கோடையில் அவர் போய்விட்டார். அவருக்குப் பிறகு அது மூத்த பிள்ளைக்கு வரும், அதாவது நோலீனுக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, டெஸ்மண்டைத் தவிர. சரக்கு மாட்ட வந்தவன் கல்லாவில் சாய்ந்துகொண்டு பேச்சை எடுத்தான்.

"முதல் வீச்ச நான் பாத்துக்கறேன்க்கா."

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு. நீ வீசுனது எது திரும்பி வந்திருக்கு? போன தடவ மேவிஸ் ஆன்ட்டி கார் கண்ணாடிக்குப் போச்சு. இது அப்பா போன வருசம். வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. வெக்கமாப் போயிரும்க்கா."

அவன் சொன்னதில் பொய் இல்லை. தொழில் கைவந்த நாளிலிருந்து அக்காள் பிறந்தநாளுக்கு ஒரு பூமராங் செய்து கொடுப்பான். அவள் வீசுவாள். அது போகும். போனது போனதுதான். "நோலீன் ஆன்ட்டி வீசுறாங்க, காரை எடுங்கடா" என்று மைதானமே கத்தும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "சிரிச்சு சிரிச்சுத் தாடை வலிச்சுருச்சு பாஸ்" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

"நானே ஒண்ணு செஞ்சு நானே வீசுறேன்" என்றாள் தம்பியிடம். "வரலேன்னா முதல் வீச்சு உன்னோடது. நான் சாகுற வரைக்கும் கேக்க மாட்டேன்."

"கிரைண்டர் வேணுமா?" டெஸ்மண்ட் எல்லாவற்றையும் மின்சார ரம்பத்தில் வெட்டி கிரைண்டரில் இழைப்பவன்.

அவள் கைப்பையிலிருந்து ஆப்பிள் நறுக்கும் பேனாக்கத்தியை எடுத்துக் காட்டினாள்.

"அதுலயா? எந்த வருச ஜூலைன்னு மட்டும் சொல்லிரு" என்று சிரித்துக்கொண்டே போனான்.

4

இந்தத் துணிச்சல் அவளுக்கு எங்கிருந்து வந்தது? 'மண்ணிலிருந்து', 'ரத்தத்திலிருந்து' என்றெல்லாம் எழுதினால் எடுபடும். வந்தது கத்தரிக்கோலிலிருந்து.

நோலீன் இடதுகைக்காரி. அதற்குச் சில நாள் முன்பு மருந்துக் கம்பெனி ஆள் ஓசியில் கொடுத்துவிட்டுப் போன சாமான்களில் இடதுகைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. பேண்டேஜ் துணியை அதில் வெட்டிப் பார்த்தாள். துணி மடங்காமல், பிசிறில்லாமல் நேராகப் போயிற்று.

"அப்ப இத்தன வருசமும் கோளாறு கையில இல்ல" என்றாள்.

பிறகு தம்பியின் பூமராங் ஒன்றைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், கறுப்புக்கண்ணாடி விற்கும் ஸ்டாண்டில் இருக்கிற சின்ன முகக்கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள்.

விஷயம் சுலபம். பூமராங்குக்கு ஒரு முகம் தட்டை, மறுமுகம் புடைப்பு. இரண்டு சிறகு. ஒவ்வொரு சிறகிலும் ஓர் ஓரம் தடிமனாக இருக்கும், மறு ஓரத்தை மெலிதாகச் சீவுவார்கள். எந்த ஓரத்தைச் சீவுகிறோம் என்பதில்தான் அது வலதுகைக்கா இடதுகைக்கா என்று முடிவாகும். கை மாறினால் திரும்பாது. சீவாத வரைக்கும் மரம் எல்லாருக்கும் பொது.

தம்பி கொடுத்தது அத்தனையும் வலதுகைக்கானது. அவள் கண்ணாடியில் தெரிந்ததைச் செதுக்கினாள்.

5

பேனாக்கத்தி சின்னது, வாட்டில் மரம் பிடிவாதக்காரி. ஒரு சீவலுக்கு ஒரு பெருமூச்சு. மர நரம்பின் போக்கில் போனால் சுருளாக வரும், எதிர்த்துப் போனால் பிளக்கும். என் கடைப் பேண்டேஜில் பாதி அவள் கட்டைவிரலுக்குப் போயிற்று. கடைசியில் பியர் பாட்டில் சில்லை எடுத்து மேல்பக்கத்தைச் சுரண்டி வழவழப்பாக்கினாள். வாடிக்கையாளர் வந்தால் சில்லைக் கல்லாவில் வைத்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். நான் பார்க்காத மாதிரி கணக்கு நோட்டைப் புரட்டுவேன். (நான் பாஸ்.)

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். குடும்பமே பூமராங் செய்கிறது. இடதுகைக்கு வேறு மாதிரி என்பது ஐம்பது வயதுவரை ஒருத்திக்குத் தெரியாமல் போகுமா? கதையில் ஓட்டை. அவளிடமே கேட்டேன்.

"அப்பா செஞ்சு குடுத்தத அப்படியே வீசுவோம். யாரு ஓரத்தப் பாத்தா? நான் செய்றவ இல்ல. வீசுறவ, அதுவும் உருப்படாம வீசுறவ."

"டெஸ்மண்ட் செய்றவன் ஆச்சே. அவனுக்குத் தெரியாதா?"

கத்தி நின்றது.

"அதத்தான் பாஸ் நானும் அவன்கிட்ட கேக்கணும்."

ஓட்டை என் கதையில் இல்லை, அவர்கள் வீட்டில் இருந்தது.

6

மைதானம். குளிர். பாதி ஊர். என் வேலை சாசேஜ் வாட்டுவது. இத்தனை வருடம் இங்கே வாழ்ந்து நான் சம்பாதித்த மரியாதை அந்த இடுக்கிதான்.

நோலீன் தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்தாள். மேவிஸ் ஆன்ட்டி உடனே எழுந்துபோய்க் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். டெஸ்மண்ட் வந்து அக்காள் கையிலிருந்து அதை வாங்கி மேல்பக்க வழவழப்பைத் தடவினான், ஓரத்தைப் பார்க்கவே இல்லை.

"பேனாக்கத்திக்குப் பரவால்லியே. குடு, சும்மா ஒரு தடவ வீசிப் பாக்குறேன். முதல் வீச்சு நீயே வீசு. இது பறக்குமான்னு பாத்துருவோம்."

"பாரேன்" என்றாள் நோலீன்.

ஊரிலேயே பெரிய வீச்சுக்காரன். வலது கையில் பிடித்து, காற்றுப் பார்த்து, உடம்பை வளைத்து வீசினான். அது போயிற்று. குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டே போய், மரங்களைத் தாண்டி, ஆற்றோரச் சேற்றில் 'சொத்' என்று விழுந்தது.

எல்லார் தலையும் ஆற்றுப் பக்கம் திரும்பியது. அப்புறம் மேவிஸ் ஆன்ட்டி சொன்னாள்: "டெஸ்ஸு, காரைத் தள்ளி வெச்சது நல்லதாப் போச்சு."

மைதானம் வெடித்தது. தாடை வலிக்கும்படி சிரித்தார்கள். நோலீன் மட்டும் சிரிக்கவில்லை. தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரிக்கவில்லை. ஒரு வீச்சிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று.

7

டெஸ்மண்ட் நல்ல கால்சட்டையோடு சேற்றில் இறங்கினான். முழங்காலுக்கு மேல் புதைந்தது. நோலீன் கரையில் போய் நின்றாள். சாசேஜ் அடுப்பு அந்தப் பக்கம் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"எப்பேர்ந்து தெரியும்?"

"விடுக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"எப்பேர்ந்துடா?"

அவன் பூமராங்கைத் தண்ணீரில் அலசினான். திரும்பவும் அலசினான்.

"முதல் ஒண்ணு செஞ்சனே, அதுலேர்ந்து" என்றான். "சின்ன வயசுல நீ கல்லெறிஞ்சா ஒண்ணும் தப்பாது. என்னோடது தப்பும். இதுலயாவது நான்… சரியா செஞ்சு குடுத்தா நீ என்ன விட நல்லா வீசுவேன்னு பயம். அப்புறம் வருசம் ஓடிப்போச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பிறந்தநாளுக்குக் குடுத்தியேடா" என்றாள் நோலீன். "காகிதம் சுத்திக் குடுத்தியேடா."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை நாள் அவளோடு வேலை பார்த்து நான் அதைக் கண்டதில்லை. கிண்டலாக எதையாவது எழுதி இந்த இடத்தைத் தாண்டிவிடப் பார்த்தேன், முடியவில்லை.

டெஸ்மண்ட் மேலே ஏறி வந்து பூமராங்கைச் சட்டையில் துடைத்து அவள் இடது கையில் வைத்தான். (அது திரும்பி வந்துவிட்டது, நடந்து. குறியீடு கிடையாது என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.)

8

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கிறது.

அ. வீசினாள், வட்டமடித்து வந்து கையில் உட்கார்ந்தது, தம்பியைக் கட்டிக்கொண்டாள். வார இதழ்காரர்கள் படத்தோடு போடுவார்கள்.

ஆ. வீசினாள், வரவில்லை. வாழ்க்கை அப்படித்தான். சிற்றிதழ்காரர்கள் படமில்லாமல் போடுவார்கள்.

இ. வீசினாள், பூமராங் வானத்தில் இருக்கும்போதே கதை நின்றுவிடுகிறது. இதற்குப் பரிசு கிடைக்கும்.

நடந்தது என்னவென்றால், நோலீன் மைதானத்தின் நடுவுக்குப் போனாள், இடது கையைத் தூக்கினாள், நேராக என்னைப் பார்த்தாள்.

"பாஸ், சாசேஜ் கருகுது."

நான் திரும்பிவிட்டேன். பழக்கதோஷம். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கூச்சல். அந்தக் குடும்பத்தில் சந்தோஷத்துக்கும் கேலிக்கும் ஒரே கூச்சல்தான். நான் பார்ப்பதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துவிட்டது. சாசேஜ் கருகவே இல்லை.

மேவிஸ் ஆன்ட்டியைக் கேட்டேன். "நீ அங்கதான இருந்தே?" என்றாள். டெஸ்மண்டைக் கேட்டேன். கண்ணில் சேறு என்றான். அடுத்த ஜூலையில் யார் முதலில் வீசுகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பத்திரிகைக்காரர் அதற்குள் கதை வேண்டும் என்கிறார். கடைசியில் வெட்கத்தை விட்டு நோலீனையே கேட்டேன்.

"திரும்பி வந்துதா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலைவலி மாத்திரை வாங்க வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"இத்தன வருசம் இங்க இருந்துட்டு நீயும் இதத்தான கேக்குற."

9

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேற்று பின்னறைக்குப் போனேன். பேசின் மேல் இப்போது நான் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன். நோலீன் வேறொரு வாட்டில் வளைவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடிப்பக்கம் தட்டையாகிவிட்டது. ஓரம் எதுவும் இன்னும் சீவவில்லை.

"யாருக்கு?"

"டெஸ்ஸுக்கு. பிறந்தநாள் வருது."

பக்கத்தில் காகிதம் ஒன்று தயாராக இருந்தது. பூப்போட்டது.

"நோலீன், எந்தக் கைக்கு?"

அவள் பேனாக்கத்தியை விரித்தாள், கட்டைவிரலில் கூர் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் மன்னித்துவிட்டாளா, இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறாளா என்று சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கல்லாவுல ஆள் நிக்குது பாஸ்" என்றாள்.

போனேன். நிஜமாகவே ஆள் நின்றது. இருமல் மருந்து கேட்டது. எடுத்துக் கொடுக்கும்போது பின்னறையில் முதல் சீவல் செய்தித்தாள் மேல் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறீர்கள். உங்களை யாரும் கல்லாவுக்கு அனுப்பவில்லை. குனிந்து பாருங்கள், எந்த ஓரம்?