மூன்றாவது வண்டி

"உக்காருடி. இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள எந்திரிக்கிற," என்றாள் விபெக்க.

ரிக்கே உட்கார்ந்தாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கால்கள் தாமாக எழுந்திருந்தன.

கஃபே ஜன்னலுக்கு வெளியே நான்கு குழந்தை வண்டிகள் வரிசையாக நின்றன. நான்கிலும் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பிப்ரவரிக் குளிரில் பிள்ளைகளை வெளியே தூங்கப் போட்டுவிட்டு அம்மாக்கள் உள்ளே காபி குடிப்பது டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் ஒரு விஷயமே இல்லை. ரிக்கேயும் அவள் அக்கா விபெக்கவும்கூட அப்படித் தூங்கி வளர்ந்தவர்கள்தான். இடமிருந்து மூன்றாவது, கருநீல வண்டி. அதில்தான் சோல்வாய், ரிக்கேயின் நான்கு மாதப் பெண் குழந்தை. உள்ளே வந்ததும் ரிக்கே மூன்று முறை எண்ணி உறுதி செய்துகொண்டாள். கை கழுவிவிட்டு வந்து இன்னொரு முறை எண்ணினாள். மூன்றாவது. கருநீலம். சரி.

வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ்தான் இந்தப் பயிற்சியைச் சொல்லியிருந்தாள். இருபது நிமிடம். எழுந்து போகக் கூடாது. குழந்தையின் சத்தத்தைக் கேட்க வண்டிக்குள் வைக்கும் ஒலிக்கருவியும் கூடாது. ஏனென்றால் ரிக்கே ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி நான்கு மாதமாகிறது. இரண்டு விரல்களைக் குழந்தையின் மூக்கடியில் வைத்து ஏழு மூச்சு எண்ணுவாள். ஏழு வந்ததும் எண்ணிக்கை தப்பியிருக்குமோ என்று மறுபடி ஏழு. அதில் குழந்தை விழித்துக்கொண்டு அழும். அழுகிறாள், அப்படியென்றால் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ரிக்கேவுக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை அவள் கணவன் அஸ்கர் கடலுக்குப் போக வேண்டும். நடுக்கடல் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை, இரண்டு வாரம் கரைக்கு வர முடியாது. "இருபது நிமிஷம் உன்னால முடியலன்னா நான் போகல ரிக்கே. வேற வேல பாத்துக்கலாம்," என்று காலையில் சொல்லியிருந்தான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

விபெக்க போனில் நேரத்தை ஓடவிட்டு, தங்கையின் போனையும் வாங்கித் தன் பைக்குள் போட்டாள். "பன்ன சாப்பிடு. காசு குடுத்து வாங்கிருக்கேன்."

"நீ பேசாத அக்கா. என்னால எண்ண முடியல."

"என்னத்த எண்ணுற?"

ரிக்கே மூன்றாவது வண்டியின் போர்வை எழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். ஜன்னலில் ஆவி படிந்தது. கையால் துடைத்தாள். மறுபடி படிந்தது. அவளுடைய மூச்சுதான்.

ஏழாவது நிமிடம் ஒரு கிழவர் நாயோடு வந்து சரியாக அந்த வண்டியருகே குனிந்தார். ரிக்கேயின் நகங்கள் மேசையின் அடிப்பலகையில் இறங்கின. கிழவர் நாயின் கயிற்றைச் சரிசெய்துவிட்டு நடந்தார்.

பதினொன்றாவது நிமிடம் ஒரு சிணுங்கல். கண்ணாடியைத் தாண்டி, மெல்லியதாக.

"அவதான்!"

"நம்ம பாப்பா குரல் மாதிரி இல்லையேடி."

"என் பிள்ள குரல் எனக்குத் தெரியாதா?"

"சரி, அவதான். அழட்டும். அழுதா மூச்சு விடுறான்னு அர்த்தம், இல்லையா?"

அக்கா சும்மாதான் சொன்னாள். ரிக்கேவுக்கு முகம் சூடேறியது. அவள் யாரிடமும் சொல்லாதது எப்படி இவள் வாயில் வந்தது? அந்த யோசனையில் ஒரு நிமிடம் போயிற்று. சிணுங்கல் நின்றது. இப்போது நின்றதுதான் பயமாக இருந்தது. விபெக்க மேசைக்கு மேலாகக் கை நீட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. இருபது.

ஓடக் கூடாது என்று நடந்தாள். கதவு, குளிர், ஒன்று, இரண்டு, மூன்று. போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

செம்பட்டைப் புருவத்தோடு ஒரு ஆண் குழந்தை அவளை முறைத்துப் பார்த்தது.

ரிக்கேயின் தொண்டையிலிருந்து வந்தது சொல் அல்ல.

"ஏங்க! அது எங்க பையன்," என்று ஒரு பெண் கஃபேயிலிருந்து ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே, பால் பெட்டியைச் சுமந்தபடி கஃபேக்காரர் பிரேபன்.

"உங்க வண்டியத் தேடுறீங்களா? கூரைப் பனி உருகி அது மேல சொட்டுச்சு. நீங்க கை கழுவப் போனப்ப நான்தான் அந்தப் பக்கச் சுவரோரம் தள்ளி வச்சேன். உடனே இவங்க வந்து அதே கலர் வண்டிய அந்த எடத்துல நிறுத்திட்டாங்க. சொல்லலாம்னு ரெண்டு தடவ வந்தேங்க. நீங்க ஜன்னல மொறச்ச மொறப்புல பயந்து திரும்பிட்டேன்."

"பாப்பா..."

"சூப்பரா தூங்குறா. இப்பதான் பாத்தேன், கொட்டாவி விட்டா."

சுவரைச் சுற்றித் திரும்பினாள். ஜன்னலிலிருந்து கண்ணுக்கே எட்டாத இடம். அங்கே தனியாக நின்றது கருநீல வண்டி. இருபது நிமிடம் ஒருவரும் காவல் இல்லை, ஒருவரும் எண்ணவில்லை. போர்வைக்கு வெளியே ஒரு சின்னக் கையுறை நீட்டிக்கொண்டிருந்தது. அது சோம்பலாக ஒருமுறை மடங்கி விரிந்தது.

ரிக்கே மூன்றடி தள்ளி நின்றாள். வலது கை எப்போது நீண்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னால் பனியில் விபெக்கவின் காலடி. கையில் ரிக்கேயின் போன். "அஸ்கர்டி. என்னாச்சுன்னு கேக்குறான். என்ன சொல்லட்டும்?"

ரிக்கேயின் இரண்டு விரல்களும் நீண்டபடியே இருந்தன, வண்டிக்கும் அவளுக்கும் நடுவே. கூரையிலிருந்து ஒரு சொட்டு அவற்றின் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று.