முப்பதாம் தேதிக்கும் மூன்றாம் தேதிக்கும் நடுவில்

அந்த நோட்டைத் தொடங்கியது நான்தான். நவம்பர் கடைசி வாரம், வட ஜப்பானின் ஹிரோசாகியில் முதல் பனி விழுந்து நின்ற மறுநாள், வீட்டுக்காரர் கசாய் மாமா மாடிக்கு ஏறி வந்தார். எங்கள் இருவரையும் சமையலறையில் நிற்க வைத்து, சுவரோரம் தரையிலிருந்து முளைத்திருந்த பித்தளைத் திருகைக் காலால் தொட்டுக் காட்டினார்.

"படுக்கறதுக்கு முன்னாடி, வீட்ட விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி, தண்ணிய எறக்கணும். இத வலப்பக்கம் கடைசி வரைக்கும் திருகு. அப்புறம் எல்லாக் குழாயையும் தொற. கொர்ருன்னு காத்து இழுக்கும். அந்தச் சத்தம் கேக்கலன்னா தண்ணி எறங்கலன்னு அர்த்தம். குழாய்ல நின்ன தண்ணி உறையும், உறைஞ்சா வெடிக்கும். கீழ என் ஆப்பிள் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"எங்க ஊர்ல தண்ணி பாட்டுக்குக் குழாய்லயே குடியிருக்கும் மாமா," என்றாள் மிஹோ.

"அதான் எனக்குப் பயம். ஒருத்தி ஒகினாவா, ஒருத்தி தைவான். ரெண்டு வெயில்காரிங்ககிட்ட வீட்டக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்கறது?"

அவர் கீழே இறங்கிப் போனதும் ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், தண்ணீரை இறக்கியவர் பெயர். எங்கள் ஊர் சின்ன ஊர். அங்கே பள்ளியில் எதை எழுதினாலும் மேலே தேதி போடாவிட்டால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்கு விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வாரம் ஒரு கடிதம், அதற்கும் வரிசை எண். மிஹோ சிரித்தாள். "நீ தூங்கறப்ப மூச்சக் கூட நம்பர் போட்டுத்தான் விடுவ, பெய்." ஆனாலும் எழுதினாள். ஒரு நாள் நான், ஒரு நாள் அவள். டிசம்பர் கடைசி வாரம் வரை ஒரு வரி விடுபடவில்லை. மாமா ஒருமுறை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தைவான் பொண்ணு இருக்கறவரைக்கும் எனக்குக் கவலையில்ல" என்றார். அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எழுதிய பதினான்காம் கடிதத்தில் அப்படியே எழுதினேன்.

மிஹோவும் என்னைப் போலவே இங்குள்ள கல்லூரிக்கு ஒரு வருடத்துக்கு வந்தவள்தான். ஒகினாவாவில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு காரியத்துக்காக இந்தக் குளிருக்கு வந்திருந்தாள். ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். ஜனவரியில், இடுப்பளவு பனியில் நின்று, எந்தக் கிளையை வெட்டுவது எதை விடுவது என்று முடிவு செய்கிற வேலை அது. கசாய் மாமா அதில் பேர் போனவர். புத்தாண்டு முடிந்ததும் ஒரு ரம்பம் கொடுத்து அவளை மரத்தில் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார். மிஹோ அதற்கென்றே ஒரு ஜோடி கையுறை வாங்கி, விலைச்சீட்டைக் கூடக் கிழிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள்.

டிசம்பர் முப்பதாம் தேதி காலை எனக்கு செண்டாய் பஸ். அங்கே சித்தி மகள் வேலை பார்க்கிறாள், புத்தாண்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். மிஹோவுக்குப் பகல் விமானம். நான் முதலில் கிளம்பினேன். அவள் தண்ணீரை இறக்கி, 'டிச. 30, 10.40, மிஹோ' என்று எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டின் மேல் சின்னதாக ஒரு பனிப்பொம்மை வரைந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவள் விமானம் கிளம்பிவிட்டது. என் பஸ் கிளம்பவில்லை. மலைப்பாதையில் பனிப்புயல். நான்கு மணி வரை பஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டு, இன்று இல்லை என்றார்கள். நான் வீட்டுக்குத் திரும்பினேன். பனி அடித்த அடியில் பக்கத்து வீட்டில் மாமாவின் விளக்கு கூடத் தெரியவில்லை. நான் வந்ததை அவரும் பார்க்கவில்லை. திருகைத் திறந்து தண்ணீர் ஏற்றி நூடுல்ஸ் போட்டுச் சாப்பிட்டேன். படுக்கும்போது ஒழுங்காக இறக்கினேன். நோட்டைத் திறந்தேன். பனிப்பொம்மையைப் பார்த்தேன். அழகாக முடித்து வைத்த பக்கத்தை எதற்குக் கெடுப்பது, ஒரு ராத்திரிதானே என்று மூடி வைத்தேன்.

மறுநாள் காலை மறுபடி தண்ணீர் ஏற்றி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. பஸ் ஏழு பத்துக்குக் கிளம்புகிறது. மணி ஆறு நாற்பது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பஸ்ஸில் மூன்றாவது சுரங்கத்துக்குள் போகும்போது காது அடைத்துக்கொண்டது. அந்த அடைப்பில்தான் நினைவு வந்தது. காலையில் நான் அந்தக் கொர் சத்தத்தைக் கேட்கவில்லை.

கசாய் மாமாவின் எண் என் போனில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வருடக் கடைசி நாள், வீடு துடைத்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் என்ன சொல்வது? நோட்டுப் போட்டவளே மறந்துவிட்டாள் என்றா? மூன்று நாள்தானே, இன்றைக்கு வெயில் வேறு அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். வெயில் செண்டாய்ப் பக்கம்தான் அடித்தது. போனைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

மூன்றாம் தேதி மதியம் திரும்பி வந்தபோது கீழ்க்கிடங்கின் கதவு திறந்திருந்தது. மாமா கடப்பாரையால் எதையோ உடைத்துக்கொண்டிருந்தார். மாடிக் குழாய் வெடித்து, கூரை வழியே இறங்கிய தண்ணீர் ஆப்பிள் பெட்டிகள் மேல் ஊற்றி அப்படியே உறைந்திருந்தது. நாற்பத்திரண்டு பெட்டி. வசந்தம் வரை வைத்திருந்து விற்க வேண்டிய பழம். கண்ணாடிக்குள் வைத்தது போல ஒவ்வொன்றும் சிவப்பாகத் தெரிந்தது. அவர் ஒன்றை உடைத்து எடுத்து நறுக்கிக் காட்டினார். உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர் கோத்திருந்தது.

"திருகு தொறந்தே கெடந்துச்சு," என்றார். "நீ கடைசியா போயிருந்தா இப்படி ஆயிருக்காது. அந்த ஒகினாவாக்காரிய நம்பினேன் பாரு."

நான் வாயைத் திறந்தேன். "மாமா" என்று மட்டும் வந்தது.

"நீ என்ன பண்ணுவ, பாவம். மேல போ, கொழாய்க்காரன் வந்துட்டுப் போயிட்டான்."

மேலே போனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மிஹோ நாலாம் தேதி வந்தாள். செய்தி கேட்டதும் ஊரிலிருந்து எங்களுக்கென்று கொண்டு வந்திருந்த வெல்ல மிட்டாய்ப் பெட்டியைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாசல் நடையில் முட்டி போட்டுத் தலையைத் தரையில் வைத்து மன்னிப்புக் கேட்டாள். வலப்பக்கம்தான் திருகியதாக நினைத்தேன், சத்தம் கூடக் கேட்ட மாதிரிதான் இருந்தது, எப்படி என்று தெரியவில்லை என்றாள்.

"நோட்டுல எறக்கினேன்னு எழுதியிருக்க," என்றார் மாமா. "எழுதறது சுலபம்."

மிஹோ தலையைத் தூக்கவில்லை.

"கவாத்து இந்த வருஷம் வேணாம். ஒரு கிளைய மாத்தி வெட்டினா அஞ்சு வருஷத்துக்கு மரம் சொல்லிக் காட்டும். குழாயத் திருகினமா இல்லையான்னு தெரியாத கைய நான் மரத்துல ஏத்த மாட்டேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை, நான் இறக்கினேன் என்று ஒரே ஒருமுறை பிடிவாதமாகச் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவள் நம்பிவிட்டாள். தன் கை தப்பு செய்ததென்று நம்பிவிட்டாள்.

அன்று முதல் அவள் தண்ணீரை இறக்கும் விதமே மாறிப்போனது. திருகுவாள், குழாய்களைத் திறப்பாள், சத்தம் கேட்பாள். படுக்கப் போவாள். எழுந்து வந்து மறுபடி திருகைத் தொட்டுப் பார்ப்பாள். கல்லூரிக்குக் கிளம்பிப் படி இறங்கியவள் பூட்ஸைக் கழற்றி மேலே வருவாள். என் முறை நாளிலும் வருவாள். ஒரு காலையில், விடிந்தும் விடியாமலும், தரையில் மண்டியிட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பெய், நீ ஒரு தடவ பாரேன். இது வலப்பக்கம்தான?"

"வலப்பக்கம்தான்."

"நீ சொன்னா சரி. எனக்கு என் கையவே நம்ப முடியல."

நான் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். வீட்டுக்கு எழுத வேண்டிய பதினெட்டாம் கடிதம் மேசையில் தேதியோடு மட்டும் கிடந்தது. அந்த மாதம் நான் ஒரு கடிதமும் எழுதவில்லை.

ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை, மிஹோ ஒரு தாளைக் கொண்டு வந்து என் முன் வைத்தாள். பென்சிலில் எழுதி அடித்து அடித்து எழுதியிருந்தாள். கசாய் மாமாவுக்குக் கடிதம். பிப்ரவரியிலேயே ஊருக்குப் போய்விடப் போகிறாளாம்.

"நல்ல தாள்ல எழுதிக் குடு. என் எழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும். மன்னிப்பக் கூட ஒழுங்கா எழுதத் தெரியலன்னு நெனப்பாரு."

"எதுக்குப் போற? இன்னும் செமஸ்டர் இருக்கு."

"கவாத்துக்குத்தான வந்தேன். தோட்டத்துல தெனம் ரம்பச் சத்தம் கேக்குது. ஜன்னல மூடிக்கிட்டு எவ்வளவு நாள் உக்காந்திருக்கறது?"

அவள் தேநீர் போடப் போனாள். தூரிகைப் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். என் எழுத்தை எல்லோரும் மெச்சுவார்கள். 'டிசம்பர் மாதக் கடைசியில் என் கவனக்குறைவால் தண்ணீரை இறக்காமல் சென்றேன். தங்கள் ஒரு வருட உழைப்பை வீணாக்கினேன். அதற்குப் பிறகும் முன்வந்து…' எழுதிக்கொண்டே போனேன். ஒரு எழுத்து கூடப் பிசகவில்லை. எல்லா வரியும் உண்மை. கடைசியில் பெயர் போடும் இடம் வந்தது. என் பெயரை எழுதினேன்.

மிஹோ தேநீரை வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் படித்தாள்.

"பேர மாத்தி எழுதிட்ட, பெய்."

"மாத்தல."

அவளுக்குப் புரியவில்லை. நான் பஸ் நின்றதிலிருந்து, நூடுல்ஸிலிருந்து, ஆறு நாற்பதிலிருந்து வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

மூன்றாம் தேதி தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். "பஸ்லயே," என்றேன்.

"பஸ்லயே." அவள் எழுந்து போய் அந்தத் திருகின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பத்தொம்பது நாள் நான் இங்க மண்டி போட்டேன். நீ படுத்துக்கிட்டுப் பாத்துட்டு இருந்த."

நான் அழுதிருக்கக் கூடாது. அழுதேன்.

"அத நிறுத்து முதல்ல. மாமாகிட்டப் போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

தோட்டத்தில் மாமா ஏணி மேல் இருந்தார். கடிதத்தை நீட்டினேன். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஏணியிலேயே நின்று படித்தார். பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸையும் சொன்னேன், போனையும் சொன்னேன்.

"ஒரு போன்," என்றார். "செருப்பு மாட்டாம போயிருப்பேன். பத்தடி."

பிறகு இறங்கினார். கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். "உன்ன என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல, பொண்ணே. முதல்ல என் வேலையப் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து நடந்தார். மாடிப் படிகளில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டது. நான் பின்னாலேயே போய்ப் படியடியில் நின்றேன். கதவு திறந்திருந்ததால் குரல் கேட்டது.

"எழுதறது சுலபம்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நீ எழுதினது சரியாத்தான் இருந்துச்சு."

மிஹோ என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். அவள் கையில் அந்தப் புதுக் கையுறை இருந்தது, விலைச்சீட்டோடு.

அவள் ஊருக்குப் போகவில்லை. இப்போது தினமும் மரத்தில் இருக்கிறாள். மாலையில் உடம்பெல்லாம் மரத்தூளோடு வருவாள். என்னிடம் தேவைக்குப் பேசுகிறாள். உப்பு எங்கே, உன் துணி காய்ந்துவிட்டது, அந்த மாதிரி. மாமா என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. பாதையில் பனியை நான்தான் தள்ளுகிறேன். அவர் அதில் நடந்து போகிறார்.

மாமாவிடம் சொன்ன அன்றிரவே நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முப்பதாம் தேதிக்கும் மூன்றாம் தேதிக்கும் நடுவில் இடமே இல்லை, பனிப்பொம்மைதான் இருந்தது. அதன் கால்மாட்டில் பொடி எழுத்தில், என் முழுப் பெயரோடு எழுதினேன். 'டிச. 31, 6.40, பெய்யுன், இறக்கவில்லை.'

மிஹோ அதைப் பார்த்திருப்பாள். நேற்று என் முறை. திருகினேன், குழாய்களைத் திறந்தேன், கொர்ரென்று இழுத்தது. எழுதிவிட்டு விளக்கை அணைக்கப் போனேன். அவள் எழுந்து வந்தாள். குனிந்து திருகைத் தொட்டாள்.

"இறக்கிட்டேன், மிஹோ. சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு," என்றாள். "உனக்காக இல்ல. பழகிப் போச்சு."

இன்னொரு முறை தொட்டாள். அவள் மூன்றாவது முறையும் தொட்டு முடிக்கும் வரை விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.