கீறல் இல்லாத டிஸ்க்

கல்முனையில் பழைய கேம் டிஸ்க் வாங்கி விற்கிற றிம்சானுக்கு நேர்மையான ஆள் என்று பெயர். பெயர் சும்மா வரவில்லை. எந்த டிஸ்க்கை விற்றாலும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இந்தா பாருங்க, இதுல ஒரு கீறல் இரிக்கி. ஓடும். ஆனா ஐபைச் சொல்லிப் போட்டுத்தான் குடுப்பன்" என்பான். ஐபு என்றால் சரக்கின் குறை. அதை மறைத்து விற்றால் வியாபாரத்தில் பறக்கத்து, அதாவது அல்லாஹ்வின் அருள், இருக்காது என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆப் பிரசங்கத்தில் கேட்டதை அப்படியே கடைக்குக் கொண்டுவந்தவன். அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு, பொய் சொல்வானேன்?

ஸம்றா வந்தது ஒரு புதன்கிழமை. சாய்ந்தமருதுக்காரி. கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை நளீம் கட்டாருக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கேம் கொன்சோல் வீட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது. அங்கே அவனிடம் இன்னொன்று. இவளுக்கு வேண்டியது அவனிடம் இருக்கிற அதே ஃபுட்போல் கேம், அவ்வளவுதான்.

"காக்கா," என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள், "இதப் போட்டா அவரோட சேர்ந்து வெளயாடலாம்தானே? அவரு அங்க, நான் இங்க?"

அங்கேதான் சிக்கல். புது டிஸ்க்கோடு கேம் செய்கிற கம்பனிக்காரன் ஒரு கோட், அதாவது இரகசிய எண், வைக்கிறான். முதலில் வாங்கியவர் அதை அடித்தால் நெட்டில் மற்றவர்களோடு விளையாடலாம். அதோடு கோட் முடிந்தது. பழையதை வாங்குகிறவர் கம்பனிக்குத் தனியாகக் கட்டணம் கட்டவேண்டும், அதுவும் வெளிநாட்டுக்குச் செல்லுபடியாகிற கார்டில். இந்த டிஸ்க்கின் கோட் எப்போதோ முடிந்துவிட்டது என்று றிம்சானுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். வியாபாரமோ அந்த வாரம் படுமோசம்.

"ஓம் தங்கச்சி, வெளயாடலாம்," என்றான். டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்தான். "பாருங்க, ஒரு கீறல் இல்ல."

அது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே மனதைச் சமாளித்துக்கொண்டான், படுபாவி.

சனிக்கிழமை அவள் திரும்ப வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்து அவன் பதிலெல்லாம் தயார் பண்ணிக்கொண்டான். அவள் சத்தமே போடவில்லை.

"கோட் கேக்குது காக்கா. என்ட பேங்க் கார்டப் போட்டுப் பாத்தன், எடுக்குதில்ல. அவருக்கு வெள்ளிக்கிழம மட்டும்தான் லீவு. ரூம்ல ஆறு பேருக்கு ஒரு டிவி. மத்தவங்கள்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணித்தியாலம் எடுத்து வெச்சிருந்தாரு. நான் இங்க இதோட மல்லுக்கட்ட, அங்க நேரம் முடிஞ்சி போச்சி. பறவால்ல எண்டாரு. அவருக்கு அழுக வந்திட்டு, எனக்கு வெளங்கிச்சி."

றிம்சானுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? "நான் என்ன செய்ற தங்கச்சி? எல்லாம் கம்பனிக்காரன்ட வேல. பழசு வாங்குற ஏழைகள்ட வயித்துல அடிக்கிறான். ஈவிரக்கம் இல்லாதவன்."

ஸம்றா டிஸ்க்கின் கவரை எடுத்து மேசையில் பின்பக்கம் தெரிய வைத்தாள். கோட் ஒருவருக்கு மட்டும்தான், பழையதற்குக் கட்டணம் உண்டு என்று இங்கிலீசில் சின்னதாக அச்சடித்திருந்தது. அந்த வரிக்கு மேல் விலை ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. றிம்சான் தன் கையால் ஒட்டியது.

"கம்பனிக்காரன் சொல்லித்தான் இரிக்கான் காக்கா. நீங்கதான் மூடி வெச்சிரிக்கீங்க."

டிஸ்க்குக்கு வாங்கிய சல்லியைத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தான். மேசையைச் சுற்றி வாசலுக்கு வருவதற்குள் அவள் ரோட்டைக் கடந்து பஸ் ஏறிவிட்டாள்.

யா அல்லாஹ், அந்தப் பிள்ளையின் ஒரு வெள்ளிக்கிழமையை இப்படிப் பாழாக்கிவிட்டேனே என்று நினைத்தபடி கடைக்குள் திரும்பியவன், அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்துப் புரட்டினான். பிறகு இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும். ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் அதே வரியின் மேல்தான் இருந்தது. தெரியாமல் ஒட்டியது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.